இப்பிரதி எஸ். இசக்கியம்மாளுக்கு மட்டும்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். பழைய பேப்பரை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பழைய சேலைக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் வாளி தேறும். ஆனால் கம்ப்யூட்டர் மொழியின் பழைய விதிநூல் இருக்கிறதே, அது தனி ரகம். புதுப் பதிப்பு வந்ததும் பழையதை விற்பனையிலிருந்து தூக்கிவிடுவார்கள். காசை நீட்டினாலும் கிடைக்காது. தப்பித்தவறிக் கிடைத்தாலும் நகல் எடுக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு ஐந்தருவியில், சாரலில் நனைந்த சுடிதாரோடு, கையில் மிளகாய் பஜ்ஜியோடு நின்றபோது முழுமையாகக் கிட்டியது.

அப்போது நான் தென்காசியில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி பெங்களூரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அந்த டிராபிக்கில் உட்கார்ந்தே கிழவனாகிவிடுவேன் என்று பயந்து ஊருக்குத் திரும்பியவர். பாவூர்சத்திரம் காய்கறி மண்டிகளுக்கும் செங்கோட்டை ஹோட்டல்களுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் ஒரு பெரிய வேலை வாசல்வரை வந்தது. நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவியைச் செய்கிற கம்பெனி அது. கருவிக்குள் ஓடும் நிரல் சி மொழியில், தொண்ணூறுகளின் விதிப்படி எழுதப்பட்டது. அதைப் பராமரிக்க ஆள் தேடினார்கள்.

வேலை கிடைத்தால் என்னை நிரந்தரமாக்குவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் ஆபீஸை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருந்தார். பூட்டினால் எனக்குச் சென்னைதான் கதி. லேடீஸ் ஹாஸ்டல், ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம், பருப்பைக் கண்ணிலேயே காட்டாத ரசம். வடகரையில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறி வேலைக்கு வருகிற சுகத்தை விட எனக்கு மனசே இல்லை.

கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்தப் பழைய விதிநூலின் சட்டப்பூர்வமான பிரதி ஒன்று எங்களிடம் இருக்க வேண்டும். (மொழிக்கு எதற்கு விதிநூல் என்று அம்மா கேட்டாள். எந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு குழு கூடி எழுதி வைத்த சட்டப்புத்தகம் அது என்றேன். எழுதினவங்களே வித்து முடிச்சிட்டு எடுத்துட்டாங்களா என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.) இறுதிப் பதிப்புக்கு முந்தைய வரைவு இணையத்தில் சும்மா கிடைத்தது. ஏறக்குறைய அதே வாசகங்கள்தான். ஆனால் கம்பெனி நடத்தும் தணிக்கைக்கு அது செல்லாது. நிச்சயதார்த்த போட்டோவைக் காட்டிக் கல்யாணச் சான்றிதழ் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்றார் அண்ணாச்சி.

நான் வாரக்கணக்கில் மெயில் போட்டேன். வெளியிட்ட அமைப்பு, அது திரும்பப் பெறப்பட்டது, புதியதை வாங்குங்கள் என்றது. பழையதுதான் வேண்டும் என்றேன். புதியது மேலானது என்றது. கடைசியில் வேறொரு தேசத்துத் தர அமைப்பு, அதே நூலுக்குத் தன் அட்டையைப் போட்டு இன்னமும் விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். வாங்கிய கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. இப்பிரதி எஸ். இசக்கியம்மாளுக்கு மட்டும், ஒருமுறை அச்சிடலாம், வேறு நகல் எடுக்கத் தடை. என் பெயரை அத்தனை பக்கத்தில் அச்சில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபீஸ் பிரிண்டர் குற்றாலச் சீசன் ஈரத்தில் தாளை இழுக்க மறுத்தது. எனவே மைதீன் பாய் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தென்காசியில் பாதிப் பேருடைய பத்திரமும் ஜாதகமும் அவர் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவைதான். அன்று அவருக்கு நான் காப்புரிமை பற்றி வகுப்பே எடுத்தேன். இது ஒரே ஒரு பிரதிதான், இன்னொன்று போனால் என் வேலையே போய்விடும் என்றேன். அவரும் பொறுமையாகத் தலையை ஆட்டினார். முதல் தடவை முழுசும் அடித்து முடித்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு தாளிலும் பின்பக்கம் தலைகீழாக விழுந்திருந்தது. எனக்கு வந்ததே கோபம். மறுபடியும் அடிக்க வைத்தேன். சுருள் கம்பி போட்டு, நீல அட்டை வைத்து வாங்கினேன். பிறகு அவர் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பை என் கையாலேயே அழித்தேன். அதிலிருந்த குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தேன்.

மேஜைக்கடியில் கிடந்த தலைகீழ்த் தாள்கட்டை என்ன செய்ய என்று பாய் கேட்டார். அதை வச்சு நான் என்ன செய்யப் போறேன், நீங்களே வச்சுக்கோங்க பாய் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெருந்தன்மையில் தீயை வைக்க.

கம்பெனி அனுப்பிய தணிக்கையாளர் ரங்கநாதன் சார் சென்னையிலிருந்து வந்தார். தணிக்கையை ஜூலையில் வைத்தது தற்செயல் என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம். ஒல்லியான மனிதர். எதைக் கொடுத்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசிக்கிற ரகம். தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக்கூட விடவில்லை. நீல அட்டைப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். எத்தனை பிரதி எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றே ஒன்று சார் என்றேன். நல்லது, காலையில் கையெழுத்துப் போடுகிறேன், இப்போது அருவிக்குப் போகலாமா என்றார். அண்ணாச்சி என்னையும் கூட அனுப்பி வைத்தார்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். சார் ஆண்கள் பக்கம் போய், கண் சிவக்கச் சிவக்கக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தார். குற்றாலத்துக் குளியலுக்குப் பிறகு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. நேராக பஜ்ஜிக் கடைக்கு நடந்தார். கடைக்கார அண்ணாச்சி ஒரு கட்டிலிருந்து தாளை உருவி, பாதியாகக் கிழித்து, அதில் சூடாக மிளகாய் பஜ்ஜி வைத்து ஆளுக்கொன்று நீட்டினார். ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே பார்த்தேன். எண்ணெய்க்குள்ளிருந்து எஸ். இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள்.

பின்பக்கம் தலைகீழ் என்பதால் எந்தப் பாதியைக் கிழித்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் என் பெயர் தப்பாமல் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். சீசன் கூட்டம் முழுக்க என்னைக் கையில் வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆளுக்கொரு பாதி வைத்திருந்தது. ஒரு மாமி தாளால் கைக்குழந்தையின் வாயைத் துடைத்தாள். உலகமெல்லாம் மெயில் போட்டுத் தேடிய நூல் ஐந்தருவியில் பஜ்ஜியோடு சும்மா கிடைத்தது.

சாருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அந்தத் தாள்கட்டை எனக்குக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கெஞ்சினேன். அவர் கரண்டியை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு பஜ்ஜி வேணுமா, பேப்பர் வேணுமா? பேப்பரத் தந்துட்டு நான் கையிலயா வச்சுக் குடுக்க?”

தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மைதீன் பாய் மச்சான்தான் சீசனுக்குக் கடைகளுக்கெல்லாம் காகிதம் போடுகிறார் என்றார். கடைகளுக்கெல்லாம் என்ற சொல்லில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கட்டு தீரட்டும் என்று பஜ்ஜியாக வாங்கித் தள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. சார் தின்று முடித்திருந்தார். தின்று முடித்த தாளை வாசித்தும் முடித்திருந்தார்.

“உங்க முழுப் பேர் என்னம்மா?”

“இசக்கியம்மாள் சார்.”

“இனிஷியல்?”

“எஸ்.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றே ஒன்று என்று சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னார். நான் பாய் கடை முதல் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். கேட்டுக்கொண்டார். காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். எனக்கு நாக்கில் ஹாஸ்டல் ரசத்தின் ருசி தட்டியது.

அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். அப்பா போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் விசாரிக்க ஆளில்லாமல் வாடிப்போயிருந்தார். இது எந்த செக்‌ஷனில் வரும் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் பைக்கில் வந்து இறங்கினார். முன்னால் பழைய செய்தித்தாள் கட்டு, பின்னால் காலி சிமெண்டுச் சாக்கு.

“அழாதட்டி. சரக்கு எங்கெங்க இறங்கியிருக்குன்னு மட்டும் சொல்லு.”

அந்தச் சாயங்காலம் அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை பின்னால் நடந்த என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. கடை கடையாக ஏறி, ஸ்டேஷன் குரலில் பேசி, என் தாளை வாங்கிக்கொண்டு செய்தித்தாளைக் கொடுத்தார். குப்பைத்தொட்டிகளையும் விடவில்லை. கடைசித் தொட்டியருகே ஒரு மாடு நின்று நிதானமாக விதிநூலை மென்றுகொண்டிருந்தது. அப்பா வெளியே தொங்கிய முனையைப் பிடித்து இழுத்தார். மாடும் இழுத்தது. மாடு ஜெயித்தது. நான் நடுரோட்டில் நின்று அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

மறுநாள் காலையில் எண்ணெய்ச் சாக்கோடு லாட்ஜுக்குப் போனோம். பக்க வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தேன். அறை முழுக்க மிளகாய் வாசம். சார் ஒவ்வொரு பாதியாக எடுத்துப் பார்த்தார். நிறையக் குறைகிறதே, மிச்சம் எங்கே என்றார். அப்பா ஓரடி முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

“மிச்சத்த மாடு தின்னுட்டு சார். நான் கண்ணால பாத்த சாட்சி.”

சார் தணிக்கை அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, அப்பாவின் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதினார். தவறாக அச்சான பிரதி மீட்கப்பட்டது, மீட்க இயலாத தாள்கள் கால்நடையால் உட்கொள்ளப்பட்டன, நேரில் கண்டவர் ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மீட்ட தாள்களை அவர் முன்னாலேயே லாட்ஜின் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தோம். அந்த வெந்நீரில்தான் அவர் அன்று குளித்தார்.

வேலை எங்களுக்கே கிடைத்தது. நானும் கல்யாணமாகியும் இன்றுவரை வடகரைச் சாப்பாடுதான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்தக் கம்பெனி தன்னிடம் வேலை செய்கிற எல்லா நிறுவனங்களுக்கும் வருஷாவருஷம் அனுப்புகிற கேள்விகளில் ஒன்று கூடிவிட்டது. கழிவுப் பிரதிகள் உணவுக் கடைகளையோ கால்நடைகளையோ சென்றடையாதிருக்க என்ன ஏற்பாடு செய்துள்ளீர்கள்? ஒரு கூட்டத்தில் புனேக்காரப் பையன் ஒருவன், எந்தப் புண்ணியவானால் இந்தக் கேள்வி வந்தது என்று என்னிடமே கேட்டான். யாரோ பாவம் என்றேன்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆபீஸ் பதிலை ஒவ்வொரு வருஷமும் நான்தான் எழுத வேண்டும். எழுத உட்காருகிற அன்றைக்கு, எப்படித்தான் மோப்பம் பிடிப்பாரோ, அப்பா காப்பி டம்ளரோடு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அம்மா அடுக்களையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

“ஏட்டி, சம்பந்தப்பட்ட மாடு செத்துப்போச்சுன்னு எழுது. கேஸ அத்தோட முடிக்கட்டும்.”