பாக்கியம் அக்காவின் தட்டு மேலே போன கதை

கார் ஓட்டத் தெரியும் என்று பக்கத்து வீட்டில் ஒருபோதும் சொல்லக் கூடாது. சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருப்பேன் என்று சேர்த்துச் சொல்லக் கூடாது. நான் இரண்டையும் சொன்னேன். அதுவும் ஜெகதளாவுக்குக் குடிவந்த ஐந்தாவது மாதத்தில், யாரும் கேட்காமலே.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குன்னூரில் ஒரு பள்ளிக்குத் தமிழ் ஆசிரியையாக வந்திருந்தேன். வந்ததும் மூன்று கை மாறிய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். இது நடந்தபோது ஐப்பசி. சீசன் கூட்டம் இறங்கிப் போய், சாலைகள் மறுபடியும் உள்ளூர்க்காரர்கள் வசம் வந்திருந்தன. காலையில் வெயில், பத்து மணிக்குப் பனி, மத்தியானம் தூறல் என்று வானம் தினமும் கால அட்டவணை போட்டு வேலை பார்த்தது. ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டு ஓட்டுவேன். இந்த மலையையே நான்தான் கண்டுபிடித்தேன் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன் (போட்டோ இருக்கிறது, காட்ட மாட்டேன்).

பாக்கியம் அக்கா பக்கத்து வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, நடுவட்டம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். கல்யாணமாகி ஜெகதளாவுக்கு வந்துவிட்டார். தம்பி ஆறுமுகம் மட்டும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தார். இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. காரணம், மூத்த மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான். போனில் வந்த கல்யாணத்துக்குப் போனிலேயே வாழ்த்து போதும் என்று அவர் வராமல் இருந்துவிட்டார்.

இப்போது இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். அக்கா ஆள் விட்டுக் கேட்டதில் தம்பியிடமிருந்து பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தட்டு வைத்து முறையாக அழைத்தால் வருவார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் தட்டு அவர் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். "இந்தத் தடவையும் அவன் வரலன்னா, எனக்குப் பொறந்த வூடே இல்லன்னு வச்சிக்க வேண்டியதுதான் டீச்சர்" என்றார் அக்கா. "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

எட்டரைக்குக் கிளம்பினோம். பழம், தேங்காய், வெற்றிலை, பட்டுச் சேலை, வேட்டி, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை என்று தட்டு பின் இருக்கையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. முன் இருக்கையில் பாக்கியம் அக்கா, மூக்கில் எலுமிச்சம் பழம். வளைவு வந்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். மலையில் சாலை என்றாலே வளைவுதான். ஊட்டி தாண்டுவதற்குள் மூன்று முறை நிறுத்தினோம். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "வழிய நான் சொல்லுறேன், எனக்குக் கண்ணத் தொறக்க ஏலாது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்பவரும், கண்ணைத் திறந்துகொண்டு வழி தெரியாதவளுமாக நடுவட்டம் போய்ச் சேர்ந்தோம்.

எஸ்டேட் பாதைக்குள் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சேறும் குழியுமாகக் கீழே இறங்கியது. இன்னொன்று நல்ல தார் ரோடு, மேலே ஏறிப் பனிக்குள் மறைந்தது. "அக்கா, ரெண்டாப் பிரியுதே?" என்றேன்.

"பணிய பாத்துப் போங்க டீச்சர்."

பனியைப் பார்த்துப் போக வேண்டும். மேலேதானே பனி இருக்கிறது, ஆக மேலேதான் போக வேண்டும் என்று என் மூளை ஒரு நொடியில் முடித்துவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினேன். "பணிய டீச்சர், பணிய!" என்று அக்கா குரலை உயர்த்தினார். ஐயோ பாவம், பயப்படுகிறார் என்று இன்னும் மெதுவாக ஏறினேன். கீழே ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இரண்டு கையையும் ஆட்டியபடி ஓடி வந்தார். தோட்டத்து மக்களின் அன்பே தனி என்று நானும் கையாட்டிவிட்டு ஹாரன் வேறு அடித்தேன்.

மேலே ஒரு வீட்டில் பந்தல், பாட்டு, கூட்டம். தாய்மாமன் ஏற்பாடு பலமாகத்தான் இருக்கிறது என்று வண்டியை நிறுத்தினேன். பாக்கியம் அக்கா கதவைத் திறந்ததும் தேயிலைச் செடிப் பக்கம் ஓடிக் குனிந்தார். அதற்குள் நாலு பெண்கள் வந்து, "வாங்க வாங்க, இவ்ளோ நேரமா?" என்று பின் கதவைத் திறந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான்தான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாரு வூடு?"

அது ஒரு சடங்கு வீடு. பெண் பெரியவளாகி, உறவுக்காரர்கள் சீர் கொண்டுவந்து இறக்கும் நாள். உள்ளே முப்பது நாற்பது தட்டு வரிசையாக இருக்க, எங்கள் தட்டும் அதில் ஒன்றாக அமர்ந்திருந்தது. அது மட்டுமல்ல, கோயில் திருவிழாத் தகராறில் ஆறுமுகம் வாசல் மிதிக்காத வீடு அது. கீழே கையாட்டியவர்தான் ஆறுமுகம். நான்கு வருடம் கழித்து வரும் அக்கா, தன் வாசலைத் தாண்டி, ஹாரன் அடித்து, டாட்டா காட்டி, எதிராளி வீட்டில் தட்டை இறக்கியதை அவர் நின்று பார்த்திருக்கிறார்.

மூச்சு வாங்க அவர் பந்தலுக்கு வெளியே வந்து நின்றார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"நல்லாருக்கு. என்னைய அசிங்கப்படுத்தணும்னே காரெடுத்து வந்தியா?"

நான் நடுவில் புகுந்தேன். "தப்பு என்னுடையதுங்க. பனியைப் பார்த்துப் போகச் சொன்னாங்க. பனி மேலதானே இருந்தது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பணியன்னா கீழ. எங்களுக்கு எறக்கம்னா பணிய. நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

பொய் சொல்ல எவ்வளவோ பாடங்கள் இருந்தன. கணக்கு, வரலாறு, ஏன், தையல்கூட இருந்தது. "தமிழ்" என்றேன்.

பந்தலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் விடவில்லை. "நீங்க சொல்றது மூணு சுழி ண. நான் கேட்டது ரெண்டு சுழி ன. பேச்சில் ரெண்டும் ஒரே மாதிரிதான்…" என்று காற்றில் விரலால் எழுதிக் காட்டவும் செய்தேன் (பணிவு என்றால் தாழ்மை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்). முதலில் சிரித்தது சடங்கு வீட்டு அம்மாள். அப்புறம் பந்தலே சிரித்தது. ஆறுமுகம் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

சடங்கு வீட்டு அம்மாள் பத்திரிகையை வைத்து எங்கள் தட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, ஒரு தேங்காயும் கூட வைத்துக் கொடுத்தார். மணி பதினொன்று நாற்பது. ஆறுமுகம் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு, "பணிய… இன்னும் பணிய… மூணு சுழி பணிய டீச்சர்" என்று வளைவுக்கு வளைவு சொல்ல, சேற்றுப் பாதையில் இறக்கினேன்.

எமகண்டத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், பாக்கியம் அக்கா தட்டை அவர் வாசலில் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை. அக்காவின் வெளுத்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி முச்சூடும் வாந்தி எடுத்தியா?"

நான்கு வருடம் கழித்து அக்காவிடம் அன்பாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா அழுதுவிட்டார். தட்டு அவர் கைக்குப் போனது. எனக்கும் ஏதாவது சொல்லத் தோன்றியது, ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் முதல் நாளே வந்து நின்றார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, கதையைச் சமையற்காரர் வரைக்கும் சொல்லி வைத்தார். ஆறு வருடமாகிறது. அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் வழி தவறுவதில்லை, ரெண்டு சுழியாகிறார்கள். போன வாரம்கூட பாக்கியம் அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "மருமகன் வர நேரமாகும் டீச்சர், கூடலூர்கிட்ட ரெண்டு சுழியாயிட்டாராம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், அவருக்கு அது வெறும் தமிழ் வார்த்தை. இருபது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து, அந்த மொழிக்கு நான் சேர்த்தது அந்த ஒரு வார்த்தைதான்.