சித்தப்பா வெள்ளையடித்த தென்துருவம்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் சொன்னால் வரிசை தப்பிவிடும்.

1. தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடல்பனியைப் பெரிய பலகையில் பென்சிலால் வரைந்து, எங்கே என்ன நிறம் என்று குறித்துக் கொடுத்தேன்.
2. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த என் சித்தப்பா, வண்ணம் பூசித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.
3. ஏற்றுக்கொண்டதோடு அவர் நிறுத்தவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தேன். வெளிமாநிலத்தில், செயற்கைக்கோள் மூலம் கடலை ஆராயும் மையம் ஒன்றில் ஒரே ஓர் ஆராய்ச்சி இடம் காலியாக இருந்தது. நேர்முகத் தேர்வு சேலத்தில். இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். (மாப்பிள்ளைக்குக் கோழிப்பண்ணை இருந்தது. கோழிகள் மீது எனக்குக் கோபமில்லை.)

தென்துருவத்துக் கடல்பனியைச் செயற்கைக்கோள் அளந்து தந்த படம் என்னிடம் உள்ளங்கை அளவில்தான் இருந்தது. தேர்வுக் குழுவுக்கு விளக்க அதைப் பெரிதாக்க வேண்டும். துருவத்தில் குளிர்காலம் முழுக்க இருட்டு, மற்ற நாட்களில் மேகம். சாதாரணக் கேமராவால் பயனில்லை. ஆனால் கடல்நீரைவிடப் பனி அதிகமாக நுண்ணலை வீசும். மேகத்தைத் தாண்டி அதைச் செயற்கைக்கோள் அளக்கும். அந்த அளவுகளுக்கு நாம்தான் நிறம் கொடுக்கிறோம்: வெறும் கடலுக்கு நீலம், சிதறிய பனிக்கு மஞ்சள், நெருங்கிய பனிக்கு ஊதா. அந்த நிறங்கள் இல்லாவிட்டால் படமே இல்லை. இதையெல்லாம் சித்தப்பாவிடம் பொறுமையாகச் சொன்னேன். "செரி சாமி, செரி சாமி" என்றார். (நம்பினேன். முதுகலைப் பட்டம் வாங்கியவள்!)

தேர்வுக்குப் படிப்பதற்காகச் சேலத்திலேயே, சூரமங்கலத்தில் தோழி வீட்டில் தங்கியிருந்தேன். தேர்வன்று காலை பலகை பட்டறையிலிருந்து லாரியில் நேராகத் தேர்வு நடக்கும் இடத்துக்கே வந்து இறங்கியது, தார்ப்பாய் போர்த்தி. அறையில் அதை நிறுத்த ஸ்டாண்டு இல்லை. ஒரு பக்கம் சித்தப்பாவும் மறுபக்கம் அவருடைய பெயிண்டரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழுவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தார்ப்பாயை விலக்கினேன்.

வெள்ளை. விளிம்பு முதல் விளிம்பு வரை பளபளக்கும் எனாமல் வெள்ளை. கடல் நீரோட்டங்களுக்கு நான் போட்டிருந்த அம்புகளின் முனையில் தாமரை மொட்டுகள். சுற்றிலும் பூங்கொடி.

"சித்தப்பா, ஊதா எங்கீங்க?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐஸு எங்க சாமி ஊதாவா இருக்கும்? பெரியவங்க பாத்தாச் சிரிப்பாங்கல்ல? நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சிருக்குதுங்க அம்மணி. எந்த மழைக்கும் போவாது" என்றார் பெயிண்டர்.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இந்த மூன்று சிவப்புப் புள்ளிகள் ஆராய்ச்சி நிலையங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "குங்குமமுங்க சார். பொட்டு வெக்காம எங்க பட்டறையில ஒரு வண்டியும் வெளிய போகாதுங்க. எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சுங்க" என்றார்.

குழு சிரித்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, என்னிடம் அல்ல, சித்தப்பாவிடம் கேட்டார்: "பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவீங்களா?"

"அது அவிங்கப்பன் முடிவுங்க."

வேலைக்கு விண்ணப்பித்தவள் நான். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"பலகையைத் திருப்புங்க" என்றேன். அந்தக் குரலில் சித்தப்பாவிடம் நான் அதுவரை பேசியதில்லை. இருவரும் மறுபேச்சின்றித் திருப்பினார்கள். பின்பக்கம் வெறும் மரம். பெயிண்டரின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, கோடையில் பனி எங்கே நிற்கும், குளிர்காலத்தில் எதுவரை பரவும், துருவத்தைச் சுற்றும் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று நினைவிலிருந்து வரைந்தேன். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. ஒடிந்த முனையை வைத்தே தொடர்ந்து வரைந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கத்தாத குறையாகப் பதில் சொன்னேன்.

இடம் கிடைத்தது.

அதிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் சித்தப்பா இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை: "நா வெள்ளையடிச்சதுனாலதான் புள்ளைக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்ததுனாலதான் வேல கெடச்சுதுங்க!" பந்தி முழுக்கச் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார்.

நான் அந்த மையத்தில்தான் வேலை பார்க்கிறேன். சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் அதை இன்னும் கவனிக்கவில்லை.