நாற்பத்துமூன்றாம் பக்கத்துக் கோடு

ஈஸ்ட் ஹாம்,
செவ்வாய் காலை.

மதிப்புக்குரிய ஆசிரியர் நவரத்தினம் அண்ணை அவர்கட்கு,

கருவேலன்மடு 'எல்லைத்தூதன்' வாரப் பத்திரிகையின் முன்னாள் அச்சுக்கோப்பாளன் கமலநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னையும் என் முழங்காலையும் தவிர எல்லோரும் சுகம். அடுத்த ரயில் ஸ்டேஷனான பார்க்கிங் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் என்ர மனுசி கனகவல்லிக்குக் கேட்கும். அதுதான்.

பிழைதிருத்த நீங்கள் அனுப்பிய பத்திரிகை வரலாற்றுப் புத்தகத்தைப் படித்தேன். அந்த எல்லை ஊரில் இரு பக்கத்துக் காவலரண்களுக்கும் நடுவில் பதினொரு வருடம் பத்திரிகை நடத்தியது, பேப்பர் தடைப்பட்டபோது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தது, ஷெல் விழுந்து கூரை போன வாரமும் குடைக்குக் கீழே நான் எழுத்துக் கோத்தது எல்லாம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அண்ணை, நாற்பத்துமூன்றாம் பக்கம்! என் மாமியாரின் மரண அறிவித்தலுக்கு நான் எழுதித் தந்த கையெழுத்துப் பிரதியைக் கலரில் போட்டிருக்கிறீர்களே! முப்பத்தெட்டு வருடம் அதை ஏன் பத்திரப்படுத்தினீர்கள்? பழைய பல்லுப் பிரஷைக்கூட எறியாத மனுசன் நீங்கள் என்பதை மறந்துபோனன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'பாசமிகு தாயாரும்' என்ற வரியில் மூத்த மகன் தர்மேந்திரனின் பெயரை வெட்டியது நான். செத்தவீட்டில் வைத்து அவர், "எழுத்துப் பொறுக்குறவனுக்குத் தங்கச்சியைக் குடுத்தம்" என்று என் காதுபடச் சொன்னார். எனக்குப் பத்தி எரிஞ்சுது. நீலப் பேனையால் ஒரே இழுவை. மடிச்ச தாளைக் கனகவல்லிதான் உங்களிடம் கொண்டுவந்து தந்தவ. பாவம், பிரிச்சும் பாக்கேல்லை. மேலே நீங்களும் சிவப்பால் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், அதுக்கு நன்றி. பத்திரிகை வந்தது. பெத்த தாயின்ர அறிவித்தலில் தன்ர பெயரைத் தேடிப் பாத்த மனுசன், எட்டாம் நாள் சடங்குக்கும் நிக்காமல் போனவர்தான், பிறகு பேச்சே இல்லை. நான் என்ன செய்தன்? இடம் காணாதெண்டு ஆசிரியர் வெட்டிப்போட்டார் எண்டு கனகவல்லிக்குச் சொன்னன். அண்டைக்குத் துவங்கி அவ உங்களைத் திட்டாத நாளில்லை. போன வருசம்தான் ஒரு கலியாணவீட்டில் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து உங்களைத் திட்டி ஒற்றுமையானவை.

சனிக்கிழமை புத்தக வெளியீட்டுக்குத் தர்மேந்திரன் உங்களை நேரில் கேட்கவெண்டே சவுத்தாலில் இருந்து வாறார். முன்வரிசை. புத்தகத்தைத் திறந்தால் என்ர கையெழுத்து, என்ர நீலப் பேனை. பிறகு அவவுக்கு அண்ணன் இல்லை, எனக்கு வீடும் இல்லை. ரெண்டு நாளாய்ச் சோறு இறங்குதில்லை. "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?" எண்டு கேக்கிறா. முழங்கால் வலி எண்டன். வியாழன் அச்சுக்குப் போகமுன் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. உங்கட காலில விழுறன்.

அம்மாளாச்சி உங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளையும், உங்கள் அச்சகத்து மெஷினுக்கு ஒரு சின்னப் பழுதையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கமலநாதன்.

பி.கு: தபால் முத்திரை கனகவல்லியின் மேசை லாச்சியில் இருந்தது. கேட்கப்போய் மாட்டுப்பட்டன். கடிதம் முழுக்க வாசித்தா. பிறகு நாற்பத்துமூன்றாம் பக்கத்தை வாங்கிப் பார்த்தா.

"அந்தச் சிவப்பு நவரத்தினம் அண்ணையின்ரை இல்லையப்பா. நான் ரீச்சரல்லோ, கொப்பி திருத்துற என்ர பேனை. நீங்கள் வெட்டினது மெல்லிசாய் இருந்தது, வாசிச்சிடுவினமோ எண்டு மேல ஒண்டு போட்டனான். அம்மா கேட்டுக் கேட்டுக் கண்ணை மூடினவ, அண்ணன் ஒருக்காலும் வந்து பாக்கேல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் அந்த மனுசனைத் திட்டினனீர்?"

"உங்களைத் திட்டேலாமல்தான்."

இப்போது சவுத்தாலுக்கு, தமையனுக்குப் போன் எடுத்திருக்கிறா. "என்ன பிள்ளை?" எண்டு அவர் கேக்கிறது இங்கே கேக்குது. இவ அழுதுகொண்டு நிக்கிறா. அந்த நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் கைவைக்க வேண்டாம், அண்ணை.