தறி ரூமுக்கு ஒரு ஆட்டம்

வின்சென்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவது ஆரணியில் புதிதல்ல. எடுத்த முடிவு அவர் வீட்டுக்குள் நுழைந்து உயிரோடு திரும்பியதுதான் இதுவரை கிடையாது.

இந்த முறை முடிவு பெரியது. 'வின்சென்ட் செஸ் அகாடமி.' பகலில் அரிசி ஆலையில் சூப்பர்வைசர், சாயங்காலத்தில் சாம்பியன்களை உருவாக்கும் சிற்பி. போர்டு எழுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று நாலைந்து பேர் தலையை ஆட்டியும் விட்டார்கள். இடம் ஒன்றுதான் பாக்கி.

இடமும் வீட்டிலேயே இருந்தது. நல்ல வெளிச்சமான அறை. பெரிய ஜன்னல். பின்சந்துக்குத் தனி வாசல். ஒரே குறை, அதற்குள் அவர் மனைவி ஃப்ளோரன்ஸின் பட்டுத்தறி இருந்தது. தறியைப் பிரித்துக் கொல்லையில் இருக்கும் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டால் விஷயம் தீர்ந்தது என்பது வின்சென்ட்டின் எண்ணம். மழைக்காலத்தில் அந்தக் கொட்டகையில் வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகம் பெய்யும். ஒரு தடவை பட்டு நனைந்தால் போதும், முதலாளி அடுத்த பாவைக் கொடுக்க மாட்டார். பாவு இல்லாவிட்டால் தறி வெறும் கட்டை. இது ஃப்ளோரன்ஸின் எண்ணம். அதை அவள் வெளியே சொல்லவில்லை.

தறியை நினைத்த நேரத்தில் பிரிக்கவும் முடியாது. பாவு என்பது புடவைக்கு நீளவாக்கில் ஓடும் நூல். அது தறியில் ஏறிவிட்டால் நெய்து முடிக்கும் வரை தறியில் யாரும் கை வைப்பதில்லை. ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறுவதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் வழி. வின்சென்ட் அதற்காகக் கொக்கு மாதிரிக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தாள். வின்சென்ட் தொண்டையைச் செருமினார்.

"ஃப்ளோரன்ஸ், நாளைக்குத் தறியப் பிரிக்க தருமன் வரான்."

"சரிங்க."

வின்சென்ட் தடுமாறிப் போனார். அவள் அழுவாள், கத்துவாள், அம்மா வீட்டுக்குப் போவேன் என்பாள் என்று எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை ஆலையிலேயே ஒத்திகை பார்த்து வந்திருந்தார். அத்தனையும் வீண்.

"சரின்னா இன்னா அர்த்தம்?"

"சரின்னா சரிதாங்க."

"கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? ஊருக்கே செஸ் சொல்லித் தரப் போறீங்க. எனக்கு ஒரே ஒரு ஆசை. நாளைக்கு என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிச்சீங்கன்னா ரூம் உங்களுது. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா? என்கூடயா?"

"லாக்டவுன்ல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிக் கொடுத்தது வாஸ்தவம். குதிரை எப்படித் தாண்டும் என்பதை அவளுக்குப் புரிய வைப்பதற்குள் ஊரடங்கே முடிந்துவிட்டது. வின்சென்ட் சிரித்தார். அகாடமி நடத்தப் போகிறவர் பெண்டாட்டியோடு ஆட மறுத்தார் என்று ஊரில் பேச்சு வந்தால் நன்றாகவா இருக்கும்?

"நான் தோத்துட்டா?"

"தோத்துருவீங்களா இன்னா?" என்றாள் ஃப்ளோரன்ஸ், கண்ணை அகல விரித்து. அந்த நம்பிக்கையில் வின்சென்ட் கொஞ்சம் உருகிவிட்டார்.

"ஆனா கண்டிஷன் இருக்குதுங்க. எனக்கு அடுப்பு இருக்குது, துணி இருக்குது. எழுந்து எழுந்து போவேன், வந்து ஆடுவேன். நீங்க போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா போனை நோண்டி அந்த வாத்தியார்கிட்ட கேட்டுகினு வந்துருவீங்க."

"நானா? சீச்சீ!"

"போன் பீரோவுல இருக்கட்டும். தங்கவேலு அண்ணன் பக்கத்துல குந்திகினு பாத்துக்கட்டும். தருமனைச் சாயந்திரமா வரச் சொல்லுங்க."

வாத்தியார் என்று அவள் சொன்னது போனில் செஸ் பாடம் நடத்தும் ஒருவரை. வின்சென்ட் தினமும் அந்தப் பாடத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். பக்கத்து வீட்டுத் தங்கவேலுவோ நடுவர் வேலைக்கு உடனே சம்மதித்தார். அவர் மனைவி சந்தவாசல் ஊரிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அங்கே நியாயம் சொல்ல அவர் தயார்.

சனிக்கிழமை காலை, கூடத்தில் பலகை விரிந்தது. வின்சென்ட் வெள்ளைக் காய். ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ஃப்ளோரன்ஸும் தன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். வின்சென்ட் குதிரையை வெளியே விட்டு அந்தச் சிப்பாயை மிரட்டினார். இப்போது அவளும் குதிரையை விடுவாள், அதுதான் ஊர் வழக்கம்.

ஃப்ளோரன்ஸ் ராணியின் முன்னால் நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள். "குழம்பு பொங்கிடும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஏம்ப்பா, இது இன்னா ஆட்டம்?" என்றார் தங்கவேலு.

"பதுங்கி ஆடுறா. பாரு, தன் மந்திரிக்கு வழியைத் தானே அடைச்சுகினா. இதுக்கு வாத்தியார் தனியா ஒரு பாடமே எடுத்திருக்காரு. பதுங்கறவன்கிட்ட பதறக் கூடாது. நடுக்கட்டத்தைப் பிடிக்கணும், காயை ஒவ்வொண்ணா கொண்டாந்து நிறுத்தணும், அவனுக்கு மூச்சு முட்டணும். அவசரப்பட்டுப் பாஞ்சோம்னா நம்ம கால்தான் உடையும்."

"பதறாத காரியம் சிதறாதுன்றியே."

"அதேதான்."

வின்சென்ட் பதறாமல் நடுக்கட்டத்தைப் பிடித்தார். அதற்கே நெடுநேரம் யோசித்தார். ஃப்ளோரன்ஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் நிற்கும் சிப்பாயை வெட்டுவாள் என்று பார்த்தால் வெட்டவில்லை. ஒரு குதிரையை எடுத்துத் தன் காய்களுக்குள்ளேயே ஒளித்து வைத்தாள். போய்விட்டாள். அடுத்த முறை வந்தாள், மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தினாள். போய்விட்டாள். அதற்கடுத்து ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம்.

பாதிப் பலகையைத் தாண்டி அவள் காய் ஒன்றுகூட வரவில்லை. வின்சென்ட்டுக்கு வியர்த்தது.

"எதுக்கு அந்த ஓரத்துச் சிப்பாய்?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? ஒருவேளை தெரியாம நகத்தி இருப்பா" என்றார் தங்கவேலு.

"தெரியாம நகத்துனாளா, இல்ல எதுக்கோ வலை விரிக்கிறாளா?"

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? யோசி, யோசி." தங்கவேலுவுக்கு உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. ஆட்டம் மதியத்துக்கு முன்னால் முடிந்துவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வின்சென்ட் யோசித்தார். இல்லாத வலையை எங்கே என்று தேடுவது? இருக்கிற வலையில் மாட்டிக்கொண்டவன் கத்தவாவது செய்வான். அவருக்கு ஒவ்வொரு கட்டமும் கண்ணியாகத் தெரிந்தது. குதிரையைத் தூக்கினார், வைத்தார். யானையைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார்.

ஃப்ளோரன்ஸ் காப்பி கொண்டு வந்தாள். தட்டில் மூன்று டம்ளர். அவருக்கு ஒன்று, தங்கவேலுவுக்கு ஒன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு தறி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குக் காப்பியே பிடிக்காது.

"காப்பி எப்ப குடிக்க ஆரம்பிச்சா?"

"மூளைக்கு வேணும்ல?" என்றார் தங்கவேலு. "உள்ள போய் உக்காந்து யோசிக்கிறா போல."

வின்சென்ட் தறி ரூம் கதவையே பார்த்தார். தனியாக உட்கார்ந்து, காப்பி குடித்து, அவள் யோசிக்கிறாள் என்றால் ஆபத்து கிட்டே வந்துவிட்டது. நாமும் எழுந்துபோய் எட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்தால் தோல்வி. உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"இப்ப இருமினது யாரு?"

"நான்தான்" என்றார் தங்கவேலு. அவர் வாயில் பாதி முறுக்கு இருந்தது. வின்சென்ட் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓரத்துச் சிப்பாய் மறுபடி ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. கவலைப்பட அது போதும்.

சாப்பாடும் பலகைக்குப் பக்கத்திலேயே வந்தது. தங்கவேலு மூன்று முறை சோறு வாங்கினார். வின்சென்ட் கருவாட்டைத் தொட்ட கையோடு மந்திரியைத் தொடப் போனதும், "கையைக் கழுவிகினு ஆடுங்க" என்று சொம்பும் தண்ணியும் உட்கார்ந்த இடத்துக்கே வந்தன. அப்படிப்பட்ட பெண்டாட்டியின் ரூமையா பிடுங்குகிறோம் என்று நெஞ்சு ஒரு தரம் கேட்டது. போர்டில் எழுதிய தன் பெயரை நினைத்துக்கொண்டார். நெஞ்சு அடங்கிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் அவர் காய்கள் எல்லாம் வரிசையாக வந்து அவள் கோட்டையைச் சூழ்ந்து நின்றன. வாத்தியார் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். ஆனால் அவள் கலங்கவில்லை. வந்தாள், ராஜாவை ஒரு கட்டம் இந்தப் பக்கம் வைத்தாள். அடுத்து வந்தாள், அதே ராஜாவைப் பழைய கட்டத்தில் வைத்தாள்.

"இன்னாடி இது, போனதையே போறே, வந்ததையே வரே?"

"வேற வழி தெரியலீங்க. நீங்கதான் மூச்சு முட்ட வைச்சுட்டீங்களே."

இந்தப் பாராட்டில் வின்சென்ட்டுக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு இன்னும் பொறுமையாக யோசித்தார்.

வெயில் சாய்ந்தது. ஃப்ளோரன்ஸ் தறி ரூமிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தாள். இம்முறை எழுந்து போகிற முகம் இல்லை. பலகையைப் பார்த்தாள். ராணியை எடுத்து நேரே வின்சென்ட்டின் மந்திரி வாயில் வைத்தாள்.

வின்சென்ட் திகைத்தார். வெட்டலாமா? வெட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஃப்ளோரன்ஸ் ஒரு யானையைக் கொண்டு வந்து கொடுத்தாள். அதையும் வெட்டினார். நாள் முழுக்க அசையாத கோட்டை ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரத்தில் இடிந்து விழுந்தது.

"செக்மேட்!"

"அட, ஆமாங்க!" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஜெயிச்சுட்டீங்க."

வின்சென்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதான். தங்கவேலு எழுந்து கை குலுக்கினார். வாசலில் தருமன் சுத்தியலோடு வந்து நின்றான். "வாடா தருமா, ஜல்தி!" என்று அவனை இழுத்துக்கொண்டு போய் வின்சென்ட் தறி ரூம் கதவைப் படாரென்று திறந்தார்.

தறியில் மயில்கழுத்து நிறத்தில் புதிய பாவு விறைப்பாக நின்றது. அதன் முன்னால் தறிப்பலகைமேல் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். பாவு பிணைப்பதில் ஊரில் கைதேர்ந்தவள். தறியில் மிச்சம் விட்டிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒவ்வொரு இழையாக முறுக்கி ஒட்டுவது அவள் தொழில். ஆயிரக்கணக்கான இழை. காலையில் பின்சந்து வழியாக வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஆகும். நெய்தால்தான் தறி சத்தம் போடும். பிணைப்பதற்குச் சத்தமே கிடையாது. பக்கத்தில் காலி காப்பி டம்ளர் இருந்தது.

தருமன் பாவைப் பார்த்தான். சுத்தியலை இடுப்பில் செருகினான்.

"பாவு ஏறின தறில நான் கை வைக்க மாட்டேன் சார். எங்கப்பன் வந்தாலும் வைக்க மாட்டாரு." போயே விட்டான்.

"ஃப்ளோரன்ஸ்! நான் ஜெயிச்சேனே! ரூம் என்னுதுன்னியே!"

"ரூம் உங்களுதுதாங்க. யாரு இல்லைன்னா? தறி மட்டும் இந்தப் பாவு முடியற வரைக்கும் இருக்கட்டும். முதலாளி பட்டு, அறுக்க முடியுமா?"

"அப்ப எப்பதான் பிரிக்கறது?"

"இது முடிஞ்சதும் இன்னொரு ஆட்டம் ஆடலாங்க. உங்க வாத்தியாரு சொல்றதை நானும் தினம் கேட்டுகினுதான நெய்யறேன். பதறக் கூடாதாம்."

வின்சென்ட், ஜெயித்தோமா தோற்றோமா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஜன்னலோரமாகப் போய் நின்றார். கன்னியம்மா கடைசி இழைகளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஜெயிச்சுட்டீங்களாமே சார், சந்தோஷம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."