குச்சி சார் பற்றவைக்காத தீப்பெட்டிகள்

வாரத்துக்கு ஒரு டஜன் தீப்பெட்டி வாங்கியும் ஆயுளில் ஒரு தடவைகூட நெருப்புப் பற்றவைக்காத மனிதர் டில்லியிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் குச்சி சார். பீடி, சிகரெட் கிடையாது. சாமி விளக்கும் கிடையாது. புதுப் பெட்டி வாங்கியதும் உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியின் தலையையும் நகத்தால் கிள்ளி மருந்தை உதிர்த்துவிடுவார். தலை இருந்தால் யாராவது அவசரத்துக்குக் கிழித்துவிடுவார்கள், மேஜையில் குச்சியால் அடுக்கி வைத்த புதிர்க் கணக்கு பாழாகிவிடும் என்ற பயம். அலமாரி, ஜன்னல், தலையணைக்கு அடி, எங்கே கை வைத்தாலும் தீக்குச்சி. அடுப்புப் பற்றவைக்க மட்டும் ஒன்று கிடையாது. நான்தான் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சர்தார்னியிடம் நெருப்பு வாங்கி, கை சுடச் சுட ஓடி வருவேன். மதராஸிகள் ஒரு தீப்பெட்டிக்குக்கூட வழியில்லாதவர்கள் என்று அந்த அம்மாள் கடைசிவரை நம்பினாள்.

எழுபதுகளின் கடைசி. கோல் மார்க்கெட் பக்கத்துச் சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒன்றில் இருந்தார். மத்திய சர்க்கார் கிளார்க். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணமும் குச்சிதான்.

பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி வருவதற்குள், பெண்ணின் அப்பா முன்னால் ஆறு குச்சிகளைப் போட்டாராம். இந்த ஆறில் நான்கு முக்கோணம் வேண்டும், எல்லாம் ஒரே அளவில். அந்த அப்பா ரயில்வேயில் பெரிய கணக்கர். தரையில் கிடத்திக் கிடத்திப் பார்த்து வியர்த்துப்போனார். மூன்று குச்சியைக் கீழே முக்கோணமாக வைத்து மற்ற மூன்றைக் கூடாரம்போல் மேலே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பஜ்ஜித் தட்டோடு வந்த பெண் குனிந்து பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். குச்சிகளைக் கூடாரமாக நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

"அப்புறம் என்ன சார், பொருத்தமான பொண்ணுதானே?" என்று கேட்டேன்.

"எனக்கு அதைக் கண்டுபிடிக்க மூணு நாள் ஆச்சுடா. அவ நின்ன வாக்கில பண்ணிட்டா. ஒரு ஆத்துக்கு ஒருத்தர் போதும்."

இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். ஆபீஸ் நண்பர் ஒருவரின் தகப்பனார் இறந்தபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். மயானத்தில் ஈரவேட்டியோடு அழுதுகொண்டு நின்ற மகனை ஓரமாக அழைத்துப் போய், சிமென்ட் மேடையில் பன்னிரண்டு குச்சியில் நான்கு சதுரம் போட்டு, மூன்றே குச்சியை நகர்த்தி மூன்று சதுரமாக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அடி விழப்போகிறது என்று நினைத்து இரண்டடி தள்ளிப்போனேன். அந்த மகனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்தவர்தான். வாத்தியார் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. போகும்போது திரும்பி, "கலைச்சுடாதீங்கோ, வந்து பாக்கறேன்" என்றார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஏழாவதோடு படிப்பு முடிந்தது. தீப்பெட்டி ஆபீசில் (எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) மரச்சட்டத்தில் குச்சி அடுக்கினேன். பிறகு நாக்பூரில் லாரி கழுவினேன், ஜான்சியில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். டில்லிக்கு வந்தபோது டிசம்பர். ஸ்டேஷனில் பத்து நாள் படுத்தேன். குளிரில் பல் கிட்டிக்கொள்ளும் என்பது பேச்சுக்குச் சொல்வது இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. கரோல் பாக் மெஸ் ஒன்றில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை. அங்கே சாப்பிட வரும் சீனு, சர்க்கார் ஸ்டெனோ, குச்சி சாரோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருப்பவர். ஒரு மூலை காலியாக இருக்கிறது, ஆனால் பரீட்சை உண்டு என்று எச்சரித்து அழைத்துப் போனார். முனிர்காவிலிருந்து வந்த எம்.ஏ. பையன்கள் இரண்டு பேரை அந்த வாரம்தான் குச்சி சார் திருப்பி அனுப்பியிருந்தார்.

மேஜையில் ரோமன் எண்ணில் XI + I = X என்று குச்சி அடுக்கியிருந்தது. பதினொன்றும் ஒன்றும் பத்து. தப்பு.

"ஒரு குச்சியையும் தொடப்படாது. சரியாக்கு," என்றார்.

ரோமன் எண் எனக்கு ஸ்டேஷன் கடிகாரத்தில் பழக்கம். ஆனால் தொடாமல் எப்படிச் சரியாக்குவது? கதவு இடுக்கில் வந்த காற்று முதுகை அறுத்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மெல்ல நகர்ந்து அங்கே போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் X = I + IX. பத்து என்பது ஒன்றும் ஒன்பதும். சொன்னேன். குச்சி சாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. குளிருக்குப் பயந்து நகர்ந்தேன் என்று உண்மையைச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் காசியில் பிறந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூலை எனக்கு.

ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஜனவரியில் குவார்ட்டர்ஸ் சோதனை என்று செய்தி வந்தது. சர்க்கார் வீட்டில் வெளி ஆளைத் தங்கவைத்திருக்கிறார்களா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை வரிசையாக வந்து பார்ப்பார்கள். சீனு சர்க்கார் ஆள், அனுமதிக் கடுதாசி இருந்தது. நான்தான் வெளி ஆள். நான் பிடிபட்டால் குச்சி சாருக்கு வீடு போகும், ஆபீசில் விசாரணையும் வரும். நான் வெளியே போனால் மறுபடியும் ஸ்டேஷன்.

வேலைக்காரன் ஒருவனை வைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு என்று சீனு கண்டுபிடித்தார். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. வேலைக்காரனாக இல்லாத நாளை நான்தான் தேட வேண்டும். சீனு அதிகாரிபோல் மிரட்ட, நான் கைகட்டி, "மை(ன்) நௌக்கர் ஹூ(ம்) ஜி" என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். முதுகை இன்னும் வளைக்கச் சொன்னார் சீனு. குச்சி சார் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு விடிந்தது. குச்சி சார் தம்முடைய ஆபீஸ் கோட்டை எடுத்து என் தோளில் போட்டார்.

"மாமா, நௌக்கர் கோட்டு போட்டுப்பானா?" என்றார் சீனு.

"நௌக்கருக்கும் குளிரும்."

சீனு குளிக்கப் போனார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, குச்சி சார் ஆங்கிலப் பேப்பரைக் கையில் கொடுத்தார். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூணூலும் துண்டுமாகச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்க ஆரம்பித்தார். ஞாயிறு சமையல் எப்போதும் அவருடையதுதான். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

சோதனைக்காரர் உள்ளே வந்தார். நான் எழுந்து முதுகை வளைப்பதற்குள் அவர் என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டார். பூணூல் போட்ட வயதான மனிதர் வெற்றுடம்போடு காய் நறுக்கினால் டில்லிக்காரருக்கு அவர் யார்? சமையல்கார மகராஜ்.

"மகராஜ், சாஹிப் கஹா(ன்) ஹை?" ஐயா எங்கே என்று கேட்டார்.

குச்சி சார் எழுந்து நின்றார். கரண்டியை எடுத்து என்னைக் காட்டினார்.

"யஹீ ஹை(ன்) ஜி." இவர்தான் என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சோதனைக்காரர் பட்டியலில் இருந்த பெயரைக் கடித்துத் துப்பி வாசித்தார். இருபது வருஷ சர்வீஸ் என்று போட்டிருக்கிறதே, இவ்வளவு இளசாக இருக்கிறாரே என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், வயசு ஏறவே ஏறாது என்று மகராஜ் பணிவாக விளக்கினார். அந்த நேரம் பார்த்துச் சீனு காதில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். நாற்காலியில் நான், தரையில் டீ கொண்டு வைக்கும் குச்சி சார். சீனு நின்ற இடத்திலேயே நின்றார்.

"யே கௌன்?", இது யார் என்று சோதனைக்காரர் கேட்டதற்கு, சீனு என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சாஹிப்கூட தங்கியிருக்கேன்" என்று ஹிந்தியில் முனகினார். அதைச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே.

டீயை உறிஞ்சியபடி சோதனைக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். குச்சி சாருக்கு எதிரே இப்படி ஓய்வாக ஒரு புது மனிதர் கிடைத்துவிட்டார். குச்சி சாரின் கை தன்னால் இடுப்பு மடிப்புக்குள் போவதை நான் பார்த்தேன். குச்சிகள் வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. தரையில் ரோமன் பதினொன்று உருவாகிவிட்டது. எந்தச் சமையல்காரருக்கு ரோமன் எண் தெரியும்? சீனு இருமினார். குச்சி சார் அந்தக் குச்சிகளைப் பார்த்தார், சோதனைக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு கணக்கைப் பாதியில் கலைத்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

கிழவர் நம்பகமானவரா என்று சோதனைக்காரர் என்னிடம் கேட்டார். "பகுத் அச்சா ஆத்மி ஹை," ரொம்ப நல்ல மனிதர் என்றேன். அன்று காலை அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். கையெழுத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த கையெழுத்தைப் போட்டேன், தமிழில், என் சொந்தப் பெயரை. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். அந்தக் கோப்பைக் கரையான் தின்னாமல் இருந்தால், அதன்படி அந்த வீட்டுக்காரன் நான், குச்சி சார் என் சமையல்காரர்.

அவர் போனதும் சீனு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா, உமக்கு மூளை கலங்கிடுத்தா? அடையாளக் கார்டு கேட்டிருந்தா உம்ம உத்தியோகமே போயிருக்கும். இவனை நௌக்கர்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போற காரியம். இவனே ஒத்துண்டாச்சு."

"ஒத்துண்டான். மூணு நாளா கேட்டுண்டுதானே இருந்தேன்," என்றார் குச்சி சார். கொஞ்ச நேரம் பூசணிக்காயை நறுக்கினார். "இவன் ஹிந்தி படுமோசம். மாட்டிண்டிருப்போம்."



மதியம் இலையைப் போட்டு என்னை முதலில் உட்காரச் சொன்னார். நீங்களும் உட்காருங்கள் சார் என்றேன். சாஹிப் சாப்பிட்ட பிறகுதான் என்று சொல்லிக் கரண்டியோடு நின்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். காலையிலிருந்து இருந்த பதற்றத்தில் கூட்டில் உப்புப் போட மறந்திருந்தார். எத்தனையோ ஊரில் எத்தனையோ எஜமானர்கள் உப்பில்லை என்று என் முகத்துக்கு நேரே தட்டைத் தள்ளியிருக்கிறார்கள். நான் இன்னொரு கரண்டி கூட்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.