சீல் வைத்த முகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சில மாதங்கள் மட்டாஞ்சேரியில் என் முகம் தெரியாதவர்களே கிடையாது. பஜார் ரோட்டில் மிளகு மூட்டை சுமப்பவர்களுக்குத் தெரியும், ஜெட்டியில் படகுக்கு நிற்பவர்களுக்குத் தெரியும், பள்ளுருத்தி பஸ் கண்டக்டருக்குத் தெரியும். (அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னையும் ஜன்னலுக்கு வெளியே சுவரையும் மாறி மாறிப் பார்த்து, ‘ஓ, நீதானா’ என்று தலையாட்டினார்.) இந்தப் புகழ் எப்படி வந்தது என்று கேட்டால், ஒழுங்காகப் பாஸான ஒரு பரீட்சையை அப்படியே விட்டுவைக்கத் தெரியாததால் வந்தது.

பிரீ டிகிரியில் (இப்போதைய ப்ளஸ் டூ) எனக்கு இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் கல்லூரி வாசலில் மழைக்குக்கூட யாரும் ஒதுங்கியதில்லை. அப்பா இளவயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கார்ப்பரேஷனில் சேர்ந்தவர். அவருக்குச் சுவரில் போஸ்டர் கிழிக்கிற வேலை. ஊரில் போஸ்டர் ஒட்ட வேண்டுமானால் ஆபீஸில் பணம் கட்டி, ஒவ்வொரு தாளிலும் ஊதா மையில் சீல் வாங்க வேண்டும். சீல் இல்லாதவற்றை அப்பா தண்ணீர் அடித்து ஊறவைத்து, தோசை திருப்பி மாதிரி ஒரு தகட்டால் சுரண்டி எடுப்பார். கட்சி, கோயில், சினிமா எதுவும் அவருக்குக் கணக்கில்லை. சீல் உண்டா இல்லையா, அதுதான் கேள்வி.

அப்படிப்பட்ட மனுஷர் ரிசல்ட் வந்த அன்று ஒரு தூக்குச்சட்டி நிறைய லட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஆபீஸில் கொடுத்தார். ஹம்ஸாக்காவின் (‘இக்கா’ என்றால் அங்கே அண்ணன்) சாயாக் கடையில் கொடுத்தார். எங்கள் சந்தில் வீடுவீடாகக் கொடுத்தார். வழியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, அவன் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு வந்தார். யாரிடமும் எதையும் பெருமையாகச் சொல்லத் தெரியாதவர் அவர். அந்த லட்டுதான் அவருடைய பேச்சு.

தேவராவில் ஒரு கல்லூரியில் எனக்கு பி.காம். சேர இடமும் கிடைத்தது. புத்தியுள்ள எவனும் அத்தோடு ஒரு செருப்பு வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போயிருப்பான். ஆனால் அடுத்த தெரு ராஜனுக்கு முதல் வகுப்பு கிடைத்துவிட்டது. அதே கல்லூரியில் அவன் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். இதில் என்ன எரிச்சல் என்றால், பரீட்சைக்கு முன்னால் கெமிஸ்ட்ரியில் அவனுக்கு வந்த சந்தேகங்களைத் தீர்த்துவைத்தவன் நான். (தீர்த்தவனுக்கு மார்க் குறைவு, கேட்டவனுக்கு அதிகம். இதிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்க வேண்டும்.) கெமிஸ்ட்ரி மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் எனக்கும் முதல் வகுப்புதான். அதை மறுபடி எழுதலாம் என்று ஒரு வழியும் இருந்தது. ஒரே நிபந்தனை, பழைய மார்க்கை கேன்சல் செய்துவிட வேண்டும். புதிதாக வருவது எதுவோ அதுதான் நமக்கு. அதோடு ஒரு வருஷம் காத்திருக்கவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை வெளியில் விட்டேன். பள்ளுருத்தியில் ஆட்டோ ஓட்டும் மாமாவும் அன்று வந்திருந்தார்.

“பாஸாயிட்டேன்னு சொன்னியேல?” என்றாள் அம்மா.

“பாஸ்தாம்மா. இன்னும் நல்லா பாஸாகப் போறேன்.”

“வயிறு நெறயத் தின்னுட்டு எந்திரிச்சவன் திரும்ப எலையைப் போட்டு உக்காருவானால?”

மாமா ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். “மருமவனே, ஒரு ஆளு என் வண்டியில ஏறி தோப்பும்படியில எறங்கிட்டான்னு வச்சுக்கோ. எறங்கினவன் திரும்ப ஏறி, ‘சேட்டா, கெளம்பின எடத்துக்கே போயி, என்னை இன்னொருக்கா இங்கயே கொண்டுவிடு’ங்கான். அவனைப் பத்தி நான் என்ன நெனைப்பேன்?”

“இந்தத் தடவை சீக்கிரம் போகணும்னு நினைக்கான் மாமா” என்றேன். அப்போது அது பிரமாதமான பதிலாகத் தோன்றியது.

அப்பா சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “லட்டு குடுத்தாச்சு.”

“அதுக்கும் இதுக்கும் என்னப்பா?”

“குடுத்தாச்சுல. நீ திரும்ப எழுதப்போனா, அது எதுக்குக் குடுத்த லட்டுன்னு ஊரு கேக்கும்.”

படிக்காதவர்கள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ‘முன்னேற்றம்’ என்ற சொல்லை அந்த வாரத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. கடைசியில் பி.காம். இடத்தை விட்டேன், மார்க்கை கேன்சல் செய்தேன், பள்ளுருத்தியில் ஒரு டுட்டோரியலில் போய்ச் சேர்ந்தேன். தலைகால் புரியாத வயது.

அந்த டுட்டோரியல் ஓலைக்கூரை போட்ட ஒரு ஷெட். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி, அந்தப் பக்கம் சரித்திரம். அங்கே வாத்தியாருக்குக் குரல் கனம். என் விடைத்தாளில் அமிலத்துக்கு நடுவே எங்கேயாவது ஒரு போர் நடந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முதல் நாள் பக்கத்தில் இருந்தவன் அனுதாபத்தோடு கேட்டான்: “எத்ர விஷயம் போயி?”

எத்தனை பாடம் போச்சு என்கிறான். “ஒண்ணும் போகல. நான் பாஸ்” என்றேன்.

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. பிறகு அவன் என் தோளில் கை வைத்து, “சாரமில்ல. ஆதியம் எல்லாரும் இங்ஙனே பறயும்” என்றான். பரவாயில்லையாம், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தொடக்கத்தில் இப்படித்தான் சொல்வார்களாம். ஜெயிலுக்குள் நுழைகிறவன் ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று சொன்னால் உள்ளே இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார்கள்.

அந்த டுட்டோரியலின் பிரின்சிபாலுக்கு ஒரு கொள்கை இருந்தது. பாஸாவதற்கு முழுப் புத்தகம் எதற்கு? வரக்கூடிய பாதியைப் பிடித்துக்கொள், மற்ற பாதியைத் தொடாதே. தோற்றுவிட்டு வந்தவர்களுக்கு அது நல்ல கொள்கைதான். அவர்களுக்குச் சுழியத்திலிருந்து பாதி கிடைத்தது. முழுவதும் தெரிந்துகொண்டு போன எனக்கும் அதே பாதிதான் கிடைத்தது. ஒரு வருஷம் உட்கார்ந்து, தெரிந்த கெமிஸ்ட்ரியில் பாதியைப் பொறுப்பாக மறந்தேன்.

கேள்வித்தாளைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நாங்கள் தொடாமல் விட்ட பாதிதான் அதிகமாக வந்திருந்தது.

ரிசல்ட்டில் பாஸ்தான். ஆனால் கெமிஸ்ட்ரி இறங்கிய இறக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்பும் போய் மூன்றாம் வகுப்பு ஆகிவிட்டது. வீட்டில் யாரும் திட்டவில்லை. அம்மா இன்னும் ஒரு மீன் துண்டை என் தட்டில் போட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா, “சரி, யாருட்டயும் சொல்ல வேண்டாம். முன்னாடி பாஸானதுதான் பாஸ்” என்றார். லட்டு மானம் காப்பாற்றப்பட்டது என்று நானும் நினைத்தேன்.

அது ஒரு வாரம்தான் நிலைத்தது. அந்த வருஷம் அந்த டுட்டோரியலில் பாஸானவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். பிரின்சிபால் அவர்களுடைய போட்டோவைப் போட்டு போஸ்டர் அடித்துவிட்டார். சேரும்போது நான் கொடுத்த போட்டோ நடுவில், மற்றவர்களைவிடப் பெரிதாக. ‘நேற்று தோற்றவர்கள், இன்று ஜெயித்தவர்கள். நீங்களும் வாருங்கள்’ என்று மலையாளத்தில் கொட்டை எழுத்து. அச்சுக்காரர் மையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார். எனக்கு மீசை அதிகமாகி, கண்ணுக்குக் கீழே கறுத்து, நாலைந்து தடவை தோற்றவன் களை வந்திருந்தது.

பிரின்சிபாலிடம் ஓடினேன். “சார், நான் தோக்கவே இல்லை.”

அவர் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அதேடா மோனே. இப்ப நீ தோக்கல. அதுதான் போஸ்டர்.”

திரும்பி வரும்போது ஹம்ஸாக்கா கடையில் அப்பாவின் குரல் கேட்டது. வெளியிலேயே நின்றுவிட்டேன். ஹம்ஸாக்கா நல்ல மனுஷர், கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய், “முருகேசேட்டா, அப்போ அன்னு ஞங்கள் தின்னது தோற்ற லட்டோ?” என்று கேட்டார்.

“இல்ல. அவன் அன்னைக்கே ஜெயிச்சான். திரும்ப எழுதினான்” என்றார் அப்பா.

“ஜெயிச்ச பின்னே எந்தினு எழுதி?”

ஜெயித்த பிறகு எதற்கு எழுதினான் என்கிறார். என்னிடமே இல்லாத பதில் அவரிடம் எப்படி இருக்கும். கடையில் இருந்தவர்கள் சாயாவைப் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு பொய் சொல்லாமல் தலைநரைத்த மனுஷரை, என் முதல் வகுப்பு ஆசை ஒரு கிளாஸ் சாயாவுக்கு முன்னால் பொய்யராக்கி உட்காரவைத்திருந்தது. அன்று எனக்கு வந்த வெட்கம் போஸ்டரைப் பார்த்து வந்ததில்லை.

மறுநாள் காலை பஜார் ரோட்டில் ஒரு கிடங்குச் சுவரில் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். என் முகம் அந்தச் சுவரில்தான் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சர்க்கஸ், ஒரு கோயில் வெடிவழிபாடு, ஒரு கட்சி மாநாடு, மூல வியாதிக்கு மருந்து. எனக்கு உயிர் வந்தது. ஊரிலேயே போஸ்டர் கிழிக்க அதிகாரமுள்ள கை என் அப்பாவுடையது. இது எனக்கு இதுவரை தோன்றாமல் போயிற்றே என்று பக்கத்தில் போனேன்.

“அப்பா, இதையும் கிழிச்சுருங்கப்பா.”

அப்பா தகட்டை நீட்டி என் தாடைக்குக் கீழே காட்டினார். ஊதா மையில் வட்டமாக, தெளிவாக, ஒரு எழுத்துகூட அழியாமல் சீல் இருந்தது. எதையும் பாதியோடு விடச் சொன்ன அந்த பிரின்சிபால், பணத்தை மட்டும் முழுசாகக் கட்டியிருந்தார்.

“நான் தோக்கலன்னு உங்களுக்குத் தெரியும்லப்பா.”

“எனக்குத் தெரியும். சீல் வச்சதைக் கிழிக்கக் கூடாதுன்னும் தெரியும்.” தகட்டை வாளியில் நனைத்தார். “கிழிச்சா தேவலன்னுதான்ல எனக்கும் இருக்கு” என்று சொல்லிவிட்டு வாளியை நகர்த்திக்கொண்டார்.

பிறகு வேலையைத் தொடர்ந்தார். சர்க்கஸுக்கு சீல் இல்லை, போயிற்று. வெடிவழிபாடு போயிற்று. மாநாடு போயிற்று. மூல வியாதியும் போயிற்று. ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்குகளைக்கூட விடாமல் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முடித்துவிட்டு அவர் விலகி நின்றபோது, அவ்வளவு பெரிய சுவரில் நான் மட்டும்தான் இருந்தேன். அதுவரை கூட்டத்தில் ஒருவனாக இருந்தவனை, என்னைப் பெற்றவர் தன் கையாலேயே தனியாக எடுத்து ஊருக்குக் காட்டிவிட்டார். அந்த வாரம் அவருக்கு எங்கெங்கே வேலையோ அங்கெல்லாம் இதே கதை. பள்ளுருத்தி ஸ்டாப்பில் என் தெளிவு அபாரமாக இருந்ததாக மாமா வந்து சொன்னார்.

கிடங்குச் சுவரைக் கழுவிய அன்றே சாயங்காலம் அப்பா மறுபடி லட்டுத் தூக்குச்சட்டியோடு கிளம்பினார். ஆபீஸ், ஹம்ஸாக்கா கடை, எங்கள் சந்து. யார் என்ன கேட்டாலும், “பாஸாயிட்டான்” என்ற ஒரே பதில். முன்பு தின்றவர்கள் எல்லாரும் மறுபடி தின்றார்கள். இரண்டு பாஸுக்கு இரண்டு லட்டு, கணக்கு நேரானது. இரண்டாவது லட்டு முதலாவதைவிடச் சின்னது. மார்க்குக்குத் தகுந்த லட்டு என்று அம்மா சொன்னாள்.

மூன்றாம் வகுப்புக்குத் தேவராவில் யாரும் இடம் தரவில்லை. அதே டுட்டோரியலில்தான் பி.காமும் பிரைவேட்டாகப் படித்தேன். தினமும் என் முகத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். இடவப்பாதிப் பருவமழை வந்துதான் என்னைக் கரைத்தது. (ஒரு கிடங்குச் சுவரில் ஒரு காது மட்டும் ஓணம் வரை இருந்தது.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது நன்றாக இருக்கும் எதையாவது இன்னும் நன்றாக்கப் போனால், ‘சீல் வச்சுருவாங்க, பாத்துக்கோ’ என்பார்கள். சாம்பாரில் இரண்டாவது தடவை உப்புப் போடுகிறவர்களுக்கும் இதுதான். என் மகள் ஒருமுறை, பரவாயில்லாமல் மார்க் வந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாமா என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

இந்தக் கதையை முடித்துவைக்கிற உரிமை என் மனைவி வசந்தாவுக்கு. அவள் பள்ளுருத்திக்காரி. பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சுவரில் தினம் என்னைப் பார்த்திருக்கிறாள். சில வருஷம் கழித்து மாமா மூலமாக வரன் வந்தபோது, போட்டோகூடக் கேட்காமல் சம்மதித்துவிட்டாளாம். விருந்தினர் யார் வந்தாலும், சாயா ஆற்றிக்கொடுத்துக்கொண்டே சொல்வாள்:

“தோத்து ஜெயிச்ச ஆளுன்னு நெனைச்சுத்தான் கழுத்தை நீட்டினேன். ஜெயிச்சுத் தோத்த ஆளுன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொல்றாங்க.”