முழங்காலில் சீயக்காய்

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பவனின் மூளையை நம்பவே கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தில்லிக் குளிர்காலம். ஆபீஸ் வாலிபால் போட்டியில் (ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், திறமையைப் பார்த்து அல்ல) என் வலது முழங்கால் லிகமெண்ட் அறுந்தது. தொடையிலிருந்து நார் எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார் ஒரு பஞ்சாபி டாக்டர். தையல் பிரிக்கும்வரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, சீழ் பிடித்தால் வைத்த நாரையே எடுக்க வேண்டிவரும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று இந்தியில் எச்சரித்தார்.

என் மனைவி சுமதி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு என்னைப் பார்க்க வந்த செக்ஷன் ஆபீசரையே நேராகக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. பாடம் எடுக்க அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பால்கனியில் இளவெயில். வலி மாத்திரையின் கிறக்கம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் கண்ட தலை நமநமவென்று அரித்தது. நல்லெண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். அப்படியே கண் சொருகியது. பனி மெல்ல விலக, எதிர்க் குவார்ட்டர்ஸ் மிதந்துகொண்டிருந்தது. கீழே காய்காரர் காலிஃபிளவர் விற்று "கோபி லே லோ" என்று கூவியது எங்கோ அக்கரையிலிருந்து கேட்டது. நானும் எடையில்லாமல் மிதந்தேன். உலகத்தில் கிருமி என்று ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை.

அந்த மிதப்பிலேயே, சரோஜினி நகரில் ஸ்வெட்டர் வாங்கிய பிளாஸ்டிக் பையைக் கட்டின் மேல் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, முக்காலியில் உட்கார்ந்து வெந்நீரை மொண்டு ஊற்றினேன். சொர்க்கம் என்றால் அதுதான். எண்ணெய் வழிந்த தொடையில் ரப்பர் பேண்டு எவ்வளவு நேரம் நிற்கும்? பை நழுவியதைச் சொர்க்கத்தில் இருந்தவன் கவனிக்கவில்லை. ஈரக் கட்டின் மேல் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டேன். சாயங்காலம் வந்தவளிடம் தலையை மட்டும் அலசினேன் என்று புளுகினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். முழங்கால் சிவந்து வீங்கிக் கொதித்தது. டாக்டர் கட்டைப் பிரித்தார். தையலோரம் பழுப்பாக ஏதோ குழைந்து கிடந்தது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார். இப்படி ஒரு சீழை அவர் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லையாம்.

சுமதி குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, சீயக்காயா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் அப்போதுதான் பயம் வந்தது. இனி ஒழுங்காக நடக்கவே மாட்டேனோ என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். முழங்காலுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். நல்ல வேளை, சீழ் மூட்டுக்குள் இறங்கவில்லை, தோலோடு நின்றிருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டு, நாரோடு தப்பித்தேன்.

பல வருடம் கழித்து என் மச்சான் அதே டாக்டரிடம் கால் ஆபரேஷனுக்குப் போனான். ஊரைக் கேட்ட டாக்டர், நாடி பிடிக்கும் முன்பே, "கர் மே ஷிகாகாய் ஹை?" வீட்டில் சீயக்காய் இருக்கிறதா என்றாராம். இருக்கிறது என்றதும், தையல் பிரிக்கும்வரை அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும்படி சீட்டில் எல்லா மருந்துக்கும் மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு இப்போது சுமதியின் பீரோவில், எங்கள் கல்யாணப் பத்திரிகையோடு இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறாள்.